ஏட்டில் வாழும் இறைமக்கள்

திருத்தணிகை என்றதும் நம் நினைவுக்கு வருவது மலையும், அம்மலைமேல் ஏறிச் செல்லும் 365 படிகளும், அப்படிகளில் காவடி சுமந்து செல்லும் மக்கள் திரளுமே. மலையை அண்ணாந்து பார்த்தபடி செல்வோரில் பெரும்பாலோர், கீழே ஊரில் அமைந்துள்ள வீரட்டானேசுவரர் கோவிலைக் கவனிப்பதில்லை. அளவில் சிறியதாயினும், வரலாற்று ஆய்வாளர்க்கு அது பெருஞ்செல்வம். பல்லவ மன்னன் அபராசிதனின் 18-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 9-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், நம்பி அப்பி என்பவர் எடுப்பித்த கற்றளி அது. அதன் கல்வெட்டுகளில் ஒன்று தமிழ் வெண்பா ஆகும். அவ்வெண்பாவைப் பாடியவன் மன்னனே என்று அக்கல்லே சான்று கூறுகிறது. பல்லவர் ஆட்சி மறைந்து ஆயிரம் ஆண்டுகள் கடந்த பின்னும், அவன் பாடிய அடிகள் மறையவில்லை.

1977-ஆம் ஆண்டில் திருத்தணிக்கு அருகிலுள்ள வேளஞ்சேரியில் செப்பேடுகள் கிடைத்தன. அபராசித பல்லவனும் முதற் பராந்தக சோழனும் அளித்த கொடைகளை அவை தெரிவிக்கின்றன. ஒரு மரபு வீழ்ந்து மற்றொரு மரபு எழுந்த காலத்தை விளக்க, மண்ணுக்குள் கிடந்த அந்தச் செம்புத் தகடுகள் துணை நின்றன.

ஆனால் கல்லும் செம்பும் யாருக்கு வாய்த்தன? அரசனுக்கு வாய்த்தன, நிலம் கொடுத்தவனுக்கும் நிலம் பெற்றவனுக்கும் வாய்த்தன. அக்கற்றளிக்குக் கல் சுமந்தவர், அந்நிலத்தை உழுதவர், அவ்வூரில் பிள்ளை பெற்று இறந்த தாய்மார் ஆகியோரின் பெயர்கள் எங்கே? ஏழை எளியோரின் பெயர்கள் ஏறியது பெரும்பாலும் காகிதத்தில்தான். அதுவும் மிகப் பிந்திய காலத்தில்தான். கல் தன்னைத் தானே காத்துக்கொள்ளும். காகிதத்தையோ யாரேனும் காத்தாக வேண்டும். அந்த 'யாரேனும்' என்போரைப் பற்றியே இக்கட்டுரையில் சிந்திக்க முற்படுகிறோம்.

பதிவின் பயன்

பழைய ஏடுகளால் என்ன பயன் என்று கேட்போருக்குத் திருத்தணியின் அண்மை வரலாறே விடை தரும். 1953-இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது, சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்து திருத்தணியும் அப்பக்கம் சென்றது. ம. பொ. சிவஞானம் முதலியோர் வடக்கெல்லைக்காகக் கிளர்ச்சி நடத்தினர். பின்னர் எச். வி. பட்டாஸ்கர் நடுவராக நியமிக்கப்பட்டார். ஊரை அலகாகக் கொண்டு, அவ்வூரில் எம்மொழி பேசுவோர் மிகுதி என்பதையும், நிலத் தொடர்ச்சியையும் நோக்கி எல்லையை வகுப்பது அவர் கைக்கொண்ட முறை. அதன்படி இயற்றப்பட்ட சட்டத்தால், 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. வேறு சில ஊர்கள் ஆந்திரத்துக்குச் சென்றன.

முழக்கங்களும் ஊர்வலங்களும் கோரிக்கையை எழுப்பின என்பது உண்மை. எனினும் கோட்டை எங்கே இழுப்பது என்ற கேள்வி எழுந்தபோது, ஊர் ஊராக எழுதி வைக்கப்பட்ட கணக்கேடுகளே நடுவர்முன் பேசின. வீடு வீடாகச் சென்று, 'உங்கள் தாய்மொழி யாது?' என்று கேட்டு எழுதிய ஒரு கணக்கெடுப்பாளரின் கையெழுத்து, ஓர் ஊரின் தலைவிதியைத் தீர்மானிப்பதில் பங்கு கொண்டது. பதிவு என்பது இறந்த காலத்தின் சாம்பலன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

திருநூலும் இதையே காட்டுகிறது. எரேமியா இறைவாக்கினர் சிறையில் இருந்தபோது ஒரு நிலத்தை விலைக்கு வாங்கினார். நகரமோ பகைவரின் முற்றுகையில் இருந்தது. அந்நிலையிலும் அவர் நில ஆவணத்தை எழுதி, சான்று ஒப்பமிட்டு, நெடுநாள் கெடாதிருக்கும்படி மண்கலத்தில் இட்டு வைக்குமாறு பாரூக்கிடம் சொன்னார். ஆவணத்தைக் காப்பது எதிர்காலத்தை நம்புவோரின் செயல் என்பதே அதன் பொருள். அதே இறைவாக்கினரின் சுருளை அரசன் துண்டு துண்டாக அறுத்து நெருப்பிலிட்டபோது, பாரூக் மீண்டும் அமர்ந்து முழுவதையும் எழுதினார். எழுதியவர் பெயரைத் திருநூல் மறக்கவில்லை.

கணவரும் மனைவியுமாய்

மறைப்பணி என்றதும் துறவியரையே எண்ணிப் பார்க்கும் பழக்கம் கத்தோலிக்கராகிய நமக்கு உண்டு. ஆயினும் தொடக்கத் திருச்சபையில் அக்கிலாவும் பிரிஸ்கில்லாவும் கணவரும் மனைவியுமாக நின்று, கூடாரத் தொழிலும் செய்து, பவுலடியாருக்கு இடமும் கொடுத்து, அப்பொல்லோவுக்கு நெறியும் விளக்கினர் என்பதை நாம் அறிவோம். நம் தமிழகத்தில் சீர்திருத்தச் சபைகளின் வழியாக வந்த மறைப்பணியாளரில் பலர் இத்தகைய இணையராக வந்தனர். அவர்களுள், முதுமையிலும் தளராது வரலாற்றுச் சான்றுகளைத் தேடித் தொகுத்த ஓர் இணையர் இராபர்ட் கால்டுவெல்லும் அவர்தம் துணைவியார் எலைசாவும் ஆவர். ஒப்பிலக்கணம் எழுதியவராகக் கால்டுவெல்லை நம் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். வரலாற்று ஏடுகளைக் காத்தவராக அவரை அறிந்தோர் சிலரே. அவர் இல்லத்தின் மறுபாதியை அறிந்தோரோ மிகச் சிலர்.

கால்டுவெல் 1814-இல் அயர்லாந்தில் பிறந்து, கிளாஸ்கோவில் கற்று, 1838-இல் சென்னையில் வந்து இறங்கினார். 1841-இல் தெற்கு நோக்கிப் புறப்பட்டு, பெரும்பகுதி நடந்தே பயணம் செய்து, அவ்வாண்டின் இறுதியில் இடையன்குடியை அடைந்தார். செம்மணல் தேரியும் பனங்காடும் சூழ்ந்த சிற்றூர் அது. எலைசா, நாகர்கோவிலில் 1819 முதல் பணியாற்றிய சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் இணையரின் மகள். பிள்ளைப் பருவம் முதலே தமிழைக் காதால் கேட்டு வளர்ந்தவர். 1844 மார்ச்சு மாதத்தில் நாகர்கோவிலில் இருவருக்கும் திருமணம் நிகழ்ந்தது. கணவர் நூல்களில் கற்ற தமிழுக்கும், மனைவி முற்றத்தில் கற்ற தமிழுக்கும் அன்று திருமணம் நிகழ்ந்தது எனலாம்.

அவர்களது அன்றாட வாழ்வு எத்தகையது? காலையிலும் மாலையிலும் வழிபாடு, இடையே பள்ளி, பனையேறிகளின் குடிசைகளுக்குச் செல்லுதல், சுற்றியுள்ள சபைகளைப் பார்வையிடுதல், நோயாளருக்கு மருந்து, ஊர் வழக்குகளுக்குச் செவிகொடுத்தல். ஊரின் தெருக்களை நேராக வகுத்து, கிணறு தோண்டி, மரம் நட்டு ஓர் ஒழுங்கைக் கொண்டுவந்தார் ஐயர். பெண்பிள்ளைகளுக்கு உறைவிடப் பள்ளி நடத்தினார் அம்மா. நாகர்கோவிலில் தம் தாய் தொடங்கி வைத்ததும், அப்பக்கத்தார் ரேந்தை என்று வழங்குவதுமான லேஸ் பின்னலை இடையன்குடிப் பெண்களுக்கும் கற்றுக் கொடுத்தார். எழுத்தறியாத பெண்ணின் கையில் எழுத்தும், தொழிலறியாத கையில் தொழிலும் அவ்வாறே வந்து சேர்ந்தன.

1847-இல் அடிக்கல் நாட்டப்பட்ட இடையன்குடித் திருத்துவ ஆலயம் 1880-இல்தான் நேர்ந்தளிக்கப்பட்டது. முப்பத்து மூன்று ஆண்டுகள் எழும்பிய ஆலயம் அது. சாளரங்களின் வடிவத்தை ஊர்க் கொத்தர்கள் விளங்கிக்கொள்ளும் பொருட்டு, களிமண்ணில் தாமே அச்சு செய்து காட்டினார் கால்டுவெல் என்பர். அதே பொறுமையோடுதான் அவர் ஏடுகளையும் தேடினார்.

முதுமையில் எழுந்த இரு நூல்கள்

1877-இல் கல்கத்தாவில் எட்வர்டு சார்ஜெண்டுடன் கால்டுவெல்லும் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அப்போது அவருக்கு வயது அறுபத்திரண்டு. தென்னகத்தைப் பெரும்பஞ்சம் வாட்டிய 1876 முதல் 1878 வரையான ஆண்டுகள் அவை. ஒருபுறம் பசியோடு வந்து நின்றவருக்குக் கஞ்சி. மறுபுறம் ஆயிரக்கணக்கில் சபையில் சேர வந்தோருக்கு மறைக்கல்வி. இவற்றுக்கிடையில் அவர் கொற்கையிலும் காயலிலும் நிலத்தை அகழ்ந்து பார்த்து, தாம் கண்டவற்றை 1877-இல் கட்டுரையாக வெளியிட்டார். கடலோரத் துறைமுகமாக விளங்கிய பாண்டியரின் கொற்கை, ஆற்று மண் சேரச் சேரக் கடலை விட்டு விலகி உள்நாட்டு ஊராகிப் போனதை அவர் எடுத்துக்காட்டினார். மார்க்கோ போலோ குறிப்பிட்ட காயல், தாமிரபரணி முகத்துவாரத்தை அடுத்த பழைய காயலே என்றும் நிறுவ முயன்றார்.

1881-இல் இரண்டு நூல்கள் வெளிவந்தன. ஒன்று, தொடக்க காலம் முதல் 1801-இல் ஆங்கிலேயர் கைக்குச் செல்லும் வரையிலான திருநெல்வேலி மாவட்டத்தின் வரலாறு. மற்றொன்று, திருநெல்வேலி மறைப்பணியின் தொடக்ககாலப் பதிவுகள். பின்னதன் சிறப்பு யாதெனில், ஆசிரியர் தம் கருத்தைச் சொல்லுவதைக் காட்டிலும் ஆவணங்களைப் பேசவிடுவதிலேயே கருத்தாய் இருந்தார். பழைய அறிக்கைகள், கடிதங்கள், நாட்குறிப்புகள், சபைப் பதிவேடுகள் ஆகியவற்றை ஒன்று சேர்த்துக் காலவரிசையில் நிறுத்தினார்.

அவற்றுள் ஒன்று பாளையங்கோட்டைச் சபையின் 1780-ஆம் ஆண்டுப் பதிவு. ஏறத்தாழ நாற்பது பேரின் பெயர்கள் மட்டுமே கொண்ட சிறு பட்டியல் அது. அச்சிறு கூட்டத்தின் மையமாக நின்றவர் குளோரிந்தா என்னும் பெண். தஞ்சையிலிருந்து வந்த சுவார்ட்ஸ் ஐயரிடம் 1778-இல் திருமுழுக்குப் பெற்றவர். பாளையங்கோட்டையில் ஆலயம் கட்டுவித்தவர். 1790-இல் தஞ்சையில் குருப்பட்டம் பெற்ற சத்தியநாதன், 1799-இல் முதலூரை உருவாக்கிய தாவீது சுந்தரானந்தம் ஆகிய தமிழ்ப் பணியாளரின் பெயர்களும் அப்பதிவுகளின் வழியாகவே நமக்கு வந்து சேர்ந்தன. அந்தச் சில தாள்கள் செல்லுக்கு இரையாகி இருந்தால் என்னவாகியிருக்கும்? 'மேலைநாட்டார் வந்தனர், மக்கள் மதம் மாறினர்' என்ற ஒற்றை வரியே எஞ்சியிருக்கும். பெயர்கள் இருந்தமையால்தான் அது மக்களின் வரலாறு ஆயிற்று.

கத்தோலிக்கராகிய நாம் நன்றியோடு குறிக்கத்தக்க வேறொன்றும் உண்டு. திருநெல்வேலி வரலாற்றை எழுதியபோது, 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியாரின் கடிதங்களையும் கால்டுவெல் சான்றாகக் கொண்டார். வடுகர் படையெடுப்பால் கடற்கரை மக்கள் பட்ட துன்பம், அம்மக்களுக்காகப் புனிதர் ஓடியாடி உழைத்த உழைப்பு ஆகியவற்றை அம்மடல்களைக் கொண்டே விளக்கினார். சபை வேறுபாடு கூர்மையாக இருந்த அக்காலத்தில், வேற்றுச் சபையின் ஆயர் நம் புனிதரின் கடிதங்களை வரலாற்றுக் கருவூலமாகக் கையாண்டது எண்ணத்தக்கது. நல்ல ஆவணம் வேலியைத் தாண்டிச் செல்லும்.

1883-இல் இவ்விணையர் தூத்துக்குடிக்குப் பெயர்ந்தனர். உடல் தளர்ந்தபின் கோடைக்கானலில் தங்கினர். 1891 ஆகத்து 28-இல் கால்டுவெல் அங்கே இறந்தார். அவரது உடல் மலையிலிருந்து இறக்கப்பட்டு, இடையன்குடி ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் எழுதி வைத்திருந்த நினைவுக் குறிப்புகளை மருமகன் வையாட் 1894-இல் நூலாக வெளியிட்டார். தம் மாமனாரின் குறிப்புகளை அம்மருமகன் காத்தமையால், காத்தவரின் வாழ்வும் காக்கப்பட்டது. எலைசா 1899-இல் மறைந்தார்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. நூல்களின் முகப்பில் இருப்பது ஒரு பெயர்தான். ஆனால் நாற்பத்தேழு ஆண்டுகள் உடன் வாழ்ந்து, பேச்சுத் தமிழின் நுட்பங்களைத் தம் வளர்ப்பிலேயே அறிந்து, வீட்டையும் பள்ளியையும் தாங்கி, எழுதுவோருக்கு எழுதும் நேரத்தை உண்டாக்கிக் கொடுத்தவரின் பெயர் அம்முகப்பில் இல்லை. ஏடு காக்கும் பணியின் இயல்பே அது போலும். காப்பவர் பெயர் மறையும். காக்கப்பட்டவர் பெயர் நிலைக்கும். திருச்சபையில் இத்தகைய மறைந்த பணியை அதிகமாகச் செய்தவர் பெண்களே என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

எழுதுபவரின் பொறுப்பு

புகழ்ச்சி மட்டும் வரலாறு ஆகாது. கால்டுவெல் இளமையில், 1849-இல், தாம் வாழ்ந்த பகுதியின் பனையேறும் மக்களைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அம்மக்களின் சமயத்தையும் அறிவையும் தாழ்த்தி உரைக்கும் கூற்றுகள் அதில் இருந்தன. அவரால் கல்வி பெற்ற சமுதாயமே பின்னர் அந்நூலைப் படித்துக் கொதித்தெழுந்தது. எதிர்ப்பு நெடுங்காலம் நீடித்தது. நாடார் சமுதாயத்து அறிஞர் பலர் தம் முன்னோரின் வரலாற்றைத் தாமே ஆராய்ந்து எழுதப் புகுந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? பணி செய்யும் அன்பு ஒன்று. எழுதும் நேர்மை மற்றொன்று. ஒரு மக்களுக்காக உயிரையே கொடுப்பவரும், அவர்களைப் பற்றி எழுதும்போது தம் நாட்டுக் கண்ணாடியை அணிந்துகொண்டு எழுதக்கூடும். பெயர்களை உள்ளவாறே பதிந்த பாளையங்கோட்டைப் பட்டியல் யாரையும் புண்படுத்தவில்லை. மக்களை எடைபோட்ட நூலோ புண்படுத்தியது. ஆகவே ஆவணத்தைக் காக்கும் பணி வெளியாரிடம் மட்டும் இருத்தல் ஆகாது. எழுதப்படும் மக்களே எழுதுவோராகவும், காப்போராகவும் ஆக வேண்டும்.

நம் வீட்டுக் கணக்கு

நம் திருச்சபை இத்துறையில் பிறருக்கு முன்னோடி. திரிதெந்தின் பொதுச்சங்கம் 1563-இல், பங்குக் குரு திருமணப் பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்று விதித்தது. 1614-இல் வெளியான உரோமைச் சடங்கு நூல் திருமுழுக்கு, உறுதிபூசுதல், திருமணம், இறப்பு ஆகியவற்றுக்கான ஏடுகளோடு, பங்கு மக்களின் குடும்ப நிலையைக் குறிக்கும் ஓர் ஏட்டையும் வலியுறுத்தியது. சேசு சபைத் துறவியர் ஆண்டுதோறும் எழுதி அனுப்பிய மடல்களால்தான், 1606-இல் தொடங்கிய மதுரை மறைப்பணியின் நிகழ்வுகளை இன்று நாம் விரிவாக அறிகிறோம். பெர்த்ராந் அடிகளார் அம்மடல்களைத் தொகுத்து, 1847 முதல் 1854 வரை நான்கு தொகுதிகளாகப் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார். கோடைக்கானலை அடுத்த செண்பகனூரில் இன்றும் சேசு சபையாரின் ஆவணக் காப்பகம் விளங்குகிறது.

ஆயினும் இழந்தவையும் பல. 1773-இல் சேசு சபை ஒடுக்கப்பட்டபோது பணித்தளங்கள் கைம்மாறின. போர்த்துகீசியப் புரவலாண்மைக்கும் உரோமையின் மறைபரப்புப் பேராயத்துக்கும் இடையே நீடித்த வழக்கில், ஒரே ஊரில் இருவேறு ஆட்சிகள் நிலவிய காலமும் இருந்தது. ஏடுகள் கோவாவுக்கும் புதுச்சேரிக்கும் லிஸ்பனுக்கும் உரோமைக்குமாகச் சிதறின. சென்னையும் மயிலையும் ஒரே உயர்மறைமாவட்டமாக இணைந்தது 1952-இல்தான். அரசியல் எல்லை மாறிய நம் வடபகுதியிலோ, ஒரே குடும்பத்தின் தாத்தா பெயர் ஒரு மொழியிலும், பேரன் பெயர் வேறொரு மொழியிலும் எழுதப்பட்டிருக்கக் காணலாம். ஒரே 'இராயப்பர்' ஓர் ஏட்டில் பேதுருவாகவும், இன்னோர் ஏட்டில் பீட்டராகவும் நிற்பார். இவற்றை இணைத்துப் படிக்கத் தெரிந்த முதியோர் மறைந்துவிட்டால், ஏடு இருந்தும் பொருள் இழந்துவிடும்.

பகைவர் படையெடுத்து வந்து நம் ஏடுகளை எரிப்பதில்லை. மழைக்காலத்து ஈரம் எரிக்கிறது. கரையானும் இராமபாணப் பூச்சியும் எரிக்கின்றன. பழைய மையிலுள்ள இரும்பு காகிதத்தையே அரித்துத் துளையிடுகிறது. அறை மாற்றும்போது 'பழைய குப்பை' என்று கட்டி வெளியே வைக்கும் கை எல்லாவற்றையும் விட விரைவாக எரிக்கிறது.

கடல் கடந்து வரும் முதியோர்

இக்காலத்தில் இப்பணியை உலகளவில் பெருமுயற்சியாகச் செய்வோர், மார்மன்கள் என்று பொதுவாக வழங்கப்படும் பிற்காலப் புனிதர் சபையார். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 1894-இல் வம்சாவளிக் கழகம் ஒன்றை நிறுவினர். 1938 முதல் பல நாடுகளின் பதிவேடுகளை நுண்படச் சுருள்களில் எடுத்தனர். மலையைக் குடைந்து அமைத்த காப்பறையில் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட சுருள்களைச் சேர்த்தனர். 2021-இல் அச்சுருள்கள் அனைத்தையும் கணினிப் படிமமாக்கி முடித்ததாக அறிவித்தனர். அரித்துவாரில் பண்டாக்கள் காத்துவரும் யாத்திரிகர் குடிவழி ஏடுகளும் அவர்களின் படக்கருவிக்குள் வந்துள்ளன.

இதில் நம் கருத்தைக் கவர்வது, பணிசெய்வோரின் வாழ்வு முறை. பணி ஓய்வு பெற்று, பிள்ளைகளைக் கரையேற்றிய கணவரும் மனைவியும், தம் சொந்தச் செலவில் அயல்நாடு சென்று, ஓராண்டோ அதற்குச் சற்று மிகுதியாகவோ தங்கி, காலை முதல் மாலை வரை ஏட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் விரித்துப் படம் எடுக்கின்றனர். ஒருவர் பக்கம் புரட்ட மற்றவர் கருவியை இயக்க, ஆயிரமாயிரம் பெயர்கள் அவர்கள் கண்முன் கடந்து செல்கின்றன. அப்பெயர்களில் ஒன்றேனும் அவர்களுக்கு உறவில்லை. முதுமையைச் சாய்வு நாற்காலியில் கழிக்காமல் இவ்வாறு செலவிடுவது பாராட்டத்தக்க ஈகம்.

எனினும் நம் திருச்சபை இதில் தெளிவான நிலைப்பாடு கொண்டுள்ளது. அச்சபையார் இறந்தோரின் பெயரால், உயிரோடிருப்போருக்குத் திருமுழுக்குச் சடங்கு நடத்துவது வழக்கம். அதற்கும் இப்பெயர்ப் பட்டியல்கள் பயன்படுகின்றன. ஆகவே 2008-இல் குருக்களுக்கான பேராயம், பங்குப் பதிவேடுகளைப் படமெடுக்க அவர்களிடம் ஒப்படைக்க வேண்டாம் என்று உலகெங்குமுள்ள ஆயர் பேரவைகள் வழியாக அறிவுறுத்தியது. நம் முன்னோர் தாமே விரும்பி ஏற்ற திருமுழுக்குக்கு மேல், அவர்களைக் கேளாது வேறொரு சடங்கை ஏற்றுவது தகாது என்பதே அதன் உட்கருத்து. அச்சபையாரிடம் நமக்குப் பகையில்லை; நம் இறந்தோர்பால் நமக்குக் கடமை உண்டு.

இங்கேதான் நம் மனச்சான்று நம்மைக் கேட்கிறது. 'கொடாதே' என்று சொல்வது எளிது. கொடாமல் வைத்துக்கொண்டதை நாம் காத்தோமா? அயலார் கையில் போகாத ஏடு நம் பேழையிலேயே மக்கிப் போனால், அது கீழ்ப்படிதல் ஆகுமா? 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 535-ஆம் சட்டம், ஒவ்வொரு பங்கிலும் பதிவேடுகளும் காப்பகமும் இருத்தல் வேண்டும் என்றும், பழைய ஏடுகளைக் கவனமாகக் காத்தல் வேண்டும் என்றும் கூறுகிறது. 491-ஆம் சட்டமோ, ஆலயங்களின் ஆவணங்களுக்கு விவரப் பட்டியல் இரண்டு படிகள் எடுத்து, ஒன்றை அங்கேயும் மற்றொன்றை மறைமாவட்டக் காப்பகத்திலும் வைக்குமாறு பணிக்கிறது. 1997-இல் உரோமை வெளியிட்ட மடல் ஒன்று, ஆவணக் காப்பகங்களைத் திருச்சபையின் மேய்ப்புப் பணியின் ஒரு பகுதியாகவே காண்கிறது. மனிதரிடையே ஆண்டவர் கடந்து சென்ற தடங்கள் அங்கே கிடைக்கின்றன என்னும் திருத்தந்தை ஆறாம் பவுலின் சிந்தனையும் அதில் இடம்பெற்றுள்ளது.

பொதுநிலையினர் செய்யத்தக்கன

பங்குக் குருக்கள் மாறிக்கொண்டே இருப்போர். ஐந்தாறு ஆண்டுகளில் பெட்டியைக் கட்டுவோர். ஊரில் நிலைத்து வாழ்வோர் மக்களே. எனவே கால்டுவெல் இணையரிடமிருந்தும், அந்தக் கடல் கடந்த முதியோரிடமிருந்தும் நாம் கற்கத்தக்கது, முதுமையில் இணைந்து செய்யும் பணி. நம் பங்குகளில் ஓய்வு பெற்ற ஆசிரியத் தம்பதியர் எத்தனை பேர்! எழுத்தர், அஞ்சல் அலுவலர், வருவாய்த் துறையில் பழைய கையெழுத்தைப் படித்துப் பழகியவர் எத்தனை பேர்! வாரத்தில் இரண்டு காலைப் பொழுதுகள் அவர்கள் கொடுத்தால் போதும்.

பதிவேடுகள் பங்குக் குருவின் பொறுப்பில் உள்ளவை. அவற்றில் தனிமனிதரின் மறைபொருளும் உண்டு. ஆகவே அவரது இசைவோடும் ஆயரகத்தின் வழிகாட்டுதலோடும் மட்டுமே அவற்றைத் தொடுதல் வேண்டும். எந்தெந்த ஏடுகள் உள்ளன, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்த மொழியில், எந்நிலையில் என்று ஒரு விவரப் பட்டியல் தயாரிப்பது முதற்பணி. கிழிந்த பக்கத்தை ஒட்டுநாடாவால் ஒட்டுவதும், பழைய தாளை நெகிழித் தாளுக்குள் வைத்துச் சூடேற்றி மூடுவதும் நன்மை போலத் தோன்றினும் கேடே விளைக்கும். சுவரை ஒட்டாத, ஈரம் ஏறாத அலமாரியும், உலர்ந்த மென்துணியும், அடிக்கடி திறந்து பார்க்கும் கண்ணும் பெருமருந்து.

ஏடுகளோடு பணி முடிவதில்லை. கல்லறைத் தோட்டத்துக் கல்லெழுத்துகளை மழை அழிக்கும்முன் படியெடுக்கலாம். வீட்டிலுள்ள பழைய நிழற்படங்களின் பின்புறத்தில், அதில் உள்ளோரின் பெயரையும் ஊரையும் மென்மையாகக் கரிக்கோலால் குறித்து வைக்கலாம். பாட்டியிடம் கேட்டு, முதலில் மறை தழுவிய முன்னோர் யார், எந்த ஊரிலிருந்து வந்தனர், யார் ஞானப் பெற்றோராய் நின்றனர் என்று எழுதலாம். ஓர் எச்சரிக்கை மட்டும்: உயர்வாகச் சொல்ல விரும்பி இல்லாததைச் சேர்க்கவும் வேண்டாம், நாணி, உள்ளதை மறைக்கவும் வேண்டாம். மத்தேயு நற்செய்தியாளர் ஆண்டவரின் மூதாதையர் பட்டியலில் தாமாரையும் இராகாபையும் ரூத்தையும் உரியாவின் மனைவியையும் விட்டுவிடவில்லை.

திருமுழுக்கின்போது பெற்றோரிடம் முதலில் கேட்கப்படுவது, 'இக்குழந்தைக்கு என்ன பெயர் இட்டீர்கள்?' என்பதே. அப்பெயரைத் திருச்சபை உரக்கச் சொல்லி நீர் ஊற்றுகிறது. பின்னர் ஏட்டில் எழுதுகிறது. சொன்னதை மறவாதிருக்கும் பொருட்டே எழுதுகிறது. இறைவன் தம் உள்ளங்கையில் நம்மைப் பொறித்து வைத்துள்ளார் என்ற நம்பிக்கை உடையோர் நாம், அவர் மறப்பதில்லை. மறக்கக்கூடியவர் நாமே. அதனால்தான் நமக்கு ஏடு வேண்டியிருக்கிறது. நூறாண்டுக்கு முன் ஒரு பனையோலைக் குடிசையிலிருந்து தூக்கி வரப்பட்டுத் திருமுழுக்குப் பெற்ற குழந்தை, மன்னனின் வெண்பாவைத் தாங்கும் கல்லைப் போன்ற கல்லைப் பெறவில்லை. அதற்கு வாய்த்தது பழுப்பேறிய தாளில் ஒரே ஒரு வரி. அந்த வரி நம் கையில் உள்ளது.